குமிழுக்கு மிரளும் கொம்புத் திருக்கை

திருக்கை என்றதும் உங்கள் நினைவுக்கு வருவது எது? வாலில் நச்சு முள்ளுடன் மணலில் பதுங்கிக் கிடக்கும் மீன்தானே? அதன் உறவினமான மாண்டா திருக்கை கொட்டுவதில்லை. தரையில் படுப்பதும் இல்லை. நீந்தினால்தான் அதன் செவுள்களில் நீர் பாயும். ஆகவே ஓயாமல் நீந்திக்கொண்டே இருக்கிறது. தலையின் முன்னே கொம்பு போல் இரு மடல்கள் நீண்டிருப்பதால் நம் மீனவர் இதைக் கொம்புத் திருக்கை என்பர். பவளத் திட்டுகளில் வாழும் வகை 3 முதல் 5 மீட்டர் வரை அகலமுடையது. ஆழ்கடல் வகையோ 7 மீட்டரையும் எட்டக்கூடும்.

இவ்வளவு பெரிய மீனின் உணவு என்ன தெரியுமா? பிளாங்க்டன் எனப்படும் மிகச் சிறிய மிதவை உயிரிகளே! வாயைத் திறந்தபடி நீந்தி, செவுள் தகடுகளால் அவற்றைப் பிரித்தெடுக்கிறது. நம் வீட்டுத் தேநீர் வடிகட்டி விரைவில் அடைத்துக்கொள்கிறது. மாண்டாவின் வடிகட்டி அடைபடாதது ஏன்? உணவுத் துணுக்குகள் தகடுகளின் மேல் பட்டுத் தெறித்துத் தொண்டையை நோக்கிச் செல்கின்றன. நீர் மட்டும் இடுக்குகள் வழியே வெளியேறுகிறது. இந்த நுட்பத்தை ஆய்வாளர்கள் 2018-இல் விளக்கினர்.

மாலத் தீவுகளில் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் பிளாங்க்டன் பெருகும். அப்போது ஹனிஃபாரு என்னும் சிறு விரிகுடாவிற்குள் கடலேற்றம் அதைத் தள்ளிக் குவிக்கிறது. விருந்துண்ண மாண்டாக்கள் கூட்டங்கூட்டமாக வந்து சேர்கின்றன.

அவற்றைக் காண மூழ்குபவர், முதுகில் காற்றுக் கலத்தைச் சுமந்து செல்கிறார். 10 மீட்டர் ஆழத்தில் நீரழுத்தமும் காற்றழுத்தமும் சேர்ந்து, கரையிலுள்ளதைப்போல் இருமடங்காகிறது. அங்கே நுரையீரல் நிறைய மூச்சிழுத்து, அடக்கிக்கொண்டே மேலே வந்தால் என்ன ஆகும்? உள்ளிருக்கும் காற்று இருமடங்காக விரிய முயலும், நுரையீரல் கிழிந்துவிடும்! எனவே மூழ்குபவர் மூச்சை அடக்கவே கூடாது. வெளிவிடும் மூச்சு குமிழ்களாகி, விரிந்துகொண்டே மேலெழும். அவை வயிற்றில் பட்டால் மாண்டா மிரண்டு விலகிவிடக்கூடும்.

சிறு மீன்கள் மாண்டாவின் உடலிலுள்ள ஒட்டுண்ணிகளைத் தின்னும் ‘துப்புரவு நிலையங்கள்’ பவளத் திட்டுகளில் உண்டு. அங்கே மூழ்குபவர், மாண்டா வட்டமிடும் இடத்திற்கு நேர் கீழே நில்லாமல், சற்று ஒதுங்கித் தாழ்வாக அமைதி காக்க வேண்டும். தொடவும் கூடாது, அதன் தோலைக் காக்கும் கொழகொழப்பான படலம் சிதைந்துவிடும். ஹனிஃபாருவிலோ 2012 முதல் காற்றுக் கலத்துடன் மூழ்கவே அனுமதியில்லை. நீர்ப்பரப்பில் மிதந்தபடியே காண வேண்டும்.

இத்தனை கட்டுப்பாடு எதற்கு என்கிறீர்களா? பெண் மாண்டா கருவுற பல ஆண்டுகள் வளர வேண்டும். ஏறத்தாழ ஓராண்டு கருவைச் சுமந்து, பெரும்பாலும் ஒரே குட்டியைத்தான் ஈனும். அடுத்த குட்டிக்கு இடையில் சில ஆண்டுகள் கழிந்துவிடும். ஆனால், மருந்தாகும் என்ற நம்பிக்கையில் சீனச் சந்தைகளில் விற்கும் செவுள் தகடுகளுக்காக இவை கொல்லப்படுகின்றன. பிடிக்கும் வேகத்துக்குப் பிறப்பு ஈடுகொடுக்க முடியுமா? மாலத் தீவுகள் 2014-இல் எல்லாத் திருக்கை இனங்களுக்கும் பாதுகாப்பு அளித்தது.

இதில் பயணிகளுக்கும் பங்குண்டு. நம் கைரேகையைப் போல, மாண்டாவின் வயிற்றுப் புள்ளிகள் ஒன்றுக்கொன்று வேறுபடும். பயணிகள் எடுத்த படங்களும் சேர்ந்து, மாலத் தீவுகளில் ஆயிரக்கணக்கான மாண்டாக்கள் தனித்தனியே அடையாளம் காணப்பட்டுள்ளன. எட்ட நின்று எடுத்த ஒரு படம், அந்த மீன் இன்னும் உயிரோடிருக்கிறது என்பதற்குச் சான்றாகிவிடுகிறது.