மலை ரயில் ஏறுமுன் காரை எங்கே விடுவது?

நீலகிரி மலை ரயிலின் நிலையங்கள் கார் என்ற ஒன்றை மனத்தில் வைத்துக் கட்டப்பட்டவை அல்ல. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர்வரை ரயில் ஓடத் தொடங்கியது 1899இல். உதகமண்டலத்தைத் தொட்டது 1908இல். அன்று நிலைய வாசலுக்கு வந்த மாட்டு வண்டியும் குதிரை வண்டியும் ஆளை இறக்கிவிட்டுத் திரும்பிவிடும். இன்று வாசலுக்கு வரும் கார் அப்படிப் போவதில்லை. குடும்பம் மலையேறி இறங்கும்வரை ஒரு பகல் முழுக்க, சில வேளை இரண்டு மூன்று நாள், அது எங்காவது நின்றாக வேண்டும். சிக்கல் முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்துதான் கிளைக்கிறது.

2005இல் யுனெஸ்கோ இந்தப் பாதையை உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்தது. டார்ஜிலிங் மலை ரயில் அந்தத் தகுதியை அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே பெற்றிருந்தது. பெயர் பரவியது, கூட்டமும் பெருகியது. ஆனால் ரயில் பழைய ரயில்தான். கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே தண்டவாளங்களின் நடுவில் பல் கொண்ட இரும்புப் பட்டை ஓடுகிறது. எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறுகிறது. மேலே போகும்போது எஞ்சின் பின்னால் நின்று பெட்டிகளைத் தள்ளுகிறது. 326 மீட்டர் உயரத்தில் கிளம்பி 2,203 மீட்டரில் முடியும் இந்த 46 கிலோமீட்டர் பாதையில் நான்கைந்து பெட்டிகளுக்கு மேல் கொண்டுசெல்ல வழியில்லை. பாரம்பரியம் என்பதில் நிலையக் கட்டடங்களும் அடக்கம். கார் நிறுத்த இடம் வேண்டும் என்பதற்காக அவற்றை இடித்து விரிக்க முடியாது, விரிக்கவும் கூடாது.

மேட்டுப்பாளையத்தில் ரயில் காலை 7.10க்குப் புறப்பட்டு நண்பகல் வாக்கில் உதகை சேர்கிறது. திரும்பும் ரயில் பிற்பகல் 2 மணிக்கு உதகையை விட்டு மாலை ஐந்தரை மணிக்கு மேல் கீழே வந்துசேர்கிறது. மலை முழுவதும் ஏறும் ரயில் வழக்கமாக நாளொன்றுக்கு இது ஒன்றுதான். இருக்கைகள் குறைவு என்பதால் முன்பதிவு தொடங்கியதுமே தீர்ந்துவிடுகின்றன. போக, வர இரண்டுக்கும் இடம் கிடைப்பது அரிது. இங்கேதான் காரோடு வருபவர் கணக்குத் தவறுகிறது. அவர் யோசிப்பது ரயிலைப் பிடிப்பதை மட்டும். மேலே போனபின் கீழே நிற்கும் காரிடம் எப்படித் திரும்புவது என்பது பெரும்பாலும் உதகை நடைமேடையில் இறங்கிய பிறகே நினைவுக்கு வருகிறது. சீசன் நாளில் மலையிறங்கும் பேருந்தில் இடம் பிடிப்பதும் எளிதல்ல.

காலை ஏழு மணிக்கு முந்தைய அரை மணி நேரம் இன்னொரு இடர். கையில் பயணச்சீட்டு, ரயில் நிற்கிறது, நிறுத்தத்தில் இடமில்லை. அந்தப் பதற்றத்தில் கடை வாசலிலோ, தெரு முனையிலோ, வேறொருவர் வண்டிக்குக் குறுக்காகவோ காரை விட்டுவிட்டு ஓடுகிறார்கள். கடைக்காரர் பத்து மணிக்குக் கதவைத் திறக்கும்போது கார்க்காரர் எங்கோ ஒரு குகைப் பாதைக்குள் இருப்பார். கைப்பேசிக்குச் சிக்னல் கிடைக்காது. இப்படி விட்டுப்போகும் ஒவ்வொரு காரும் அந்த ஊரில் பிழைக்கும் ஒருவரின் ஒரு நாள் வியாபாரத்தை மறிக்கிறது. சுற்றுலா வருபவருக்கு இது கண்ணில் படுவதே இல்லை என்பதுதான் வருத்தம். கட்டண நிறுத்தத்தில் விடுபவரும் இரவு தங்க விடுவார்களா, மணிக் கணக்கா நாள் கணக்கா என்று கேட்டுக்கொண்டு, ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும். வண்டிக்குள் இருக்கும் பொருளுக்குப் பொறுப்பல்ல என்ற வரி பெரும்பாலான ரசீதுகளில் அச்சாகியிருக்கும்.

சிலர் வேறொரு வழி கண்டிருக்கிறார்கள். குடும்பம் ரயிலில் ஏறும், ஓட்டுநர் காரை மேலே கொண்டுவந்து காத்திருப்பார். கீழே நிறுத்தும் தொல்லை தீர்ந்துவிடும். ஆனால் ரயிலுக்கு ஐந்து மணி நேரமாகும் தூரம் காருக்கு இரண்டு மணி நேரத்துச் சொச்சம்தான். கார் முன்கூட்டியே போய், உதகையில் மிக நெரிசலான பகல் வேளையில், இடம் தேடிச் சுற்றத் தொடங்கும். உதகை ரயில் நிலையமும் பேருந்து நிலையமும் அடுத்தடுத்து இருக்கின்றன. ஏரிக்குப் போகும் கூட்டமும் அதே பக்கம்தான். மூன்று கூட்டமும் ஒரே சாலையில் சேர்கிற இடத்தில் இன்னொரு காரை நிறுத்தி வைத்துக் காத்திருப்பது முறையல்ல. ரயில் நுழைந்தபின் கைப்பேசியில் அழைத்து வரச்சொல்வதே அங்கே பொருந்தும்.

மேலே கொண்டுபோகும் காருக்கு இ-பாஸ் வேண்டும். சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இந்த முறை நடைமுறைக்கு வந்தது. சீசனில் நீலகிரிக்குள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 20,000 வண்டிகள் நுழைகின்றன என்ற கணக்கு நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டிருந்தது. 2025 கோடையில் இதற்கு உச்ச வரம்பும் வந்தது: உதகைப் பக்கம் வார நாள்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000. அரசுப் பேருந்துகளுக்கும் உள்ளூர் வண்டிகளுக்கும் இது பொருந்தாது. சாலை அகலாமல் வண்டி மட்டும் பெருகும் மலைக்கு இப்படியொரு கடிவாளம் தேவைதான். வணிகர்கள் முணுமுணுத்தாலும், நெரிசலில் ஆம்புலன்ஸ் சிக்கி நிற்பதைப் பார்த்தவர்களுக்கு அதன் நியாயம் புரியும். கோடையில் காவல் துறை ஒருவழிப் பாதையும் அமைப்பதுண்டு: ஏறுவது குன்னூர் வழியாக, இறங்குவது கோத்தகிரி வழியாக. காரைக் குன்னூரில் விட்டுவிட்டு உதகைக்கு ரயிலில் போய், திரும்பிவந்து எடுத்துக்கொண்டு குன்னூர் வழியாகவே இறங்கிவிடலாம் என்று திட்டமிடுபவர் இதை முன்பே விசாரித்துக்கொள்வது நல்லது.

முழுப் பயணம் வேண்டாம், ரயிலில் ஏறிப் பார்த்தால் போதும் என்பவர்களுக்குக் குன்னூர்–உதகை 19 கிலோமீட்டர் இருக்கிறது. வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் வழியாக நாளுக்குச் சில முறை ரயில் உண்டு. இந்தப் பகுதியில் டீசல் எஞ்சின்தான், நீராவி எஞ்சின் குன்னூரோடு நின்றுவிடும். தங்கும் விடுதியிலேயே காரை விட்டுவிட்டு நடந்தோ ஆட்டோவிலோ நிலையத்துக்குப் போய், ஒரு பக்கம் ரயிலிலும் மறு பக்கம் பேருந்திலும் வரலாம். குன்னூர் நிலையமும் பேருந்து நிலையமும் பள்ளத்தில் அருகருகே இருப்பதால் மாறுவது எளிது. அதே காரணத்தால் அங்கே கார் நிறுத்துவது கடினம்.

மலையில் இடம் கிடைத்துவிட்டால் மட்டும் போதாது. சரிவில் நிற்கும் வண்டிக்குக் கைப்பிரேக் ஒன்றை நம்பக்கூடாது. மேட்டைப் பார்த்து நின்றால் முதல் கியர், பள்ளத்தைப் பார்த்து நின்றால் ரிவர்ஸ் கியர் போட்டுவிட்டு, உருண்டாலும் சாலைக்குள் வராமல் ஓரத்தில் முட்டிக்கொள்ளும்படி சக்கரத்தைத் திருப்பி, டயருக்கு ஒரு கல்லும் வைக்க வேண்டும். கிளம்பும்போது அந்தக் கல்லை நடுச்சாலையில் விட்டுப்போவது இரு சக்கர வண்டிக்காரருக்கு எமன். கொண்டை ஊசி வளைவுகளில் ரயிலைப் படம்பிடிக்க நிறுத்துவது அதைவிட மோசம். ஏறிவரும் பேருந்து அந்த வளைவின் முழு அகலத்தையும் எடுத்துத்தான் திரும்ப முடியும். பர்லியார் பக்கம் குரங்குகளும் யானைகளும் உண்டு. கண்ணாடி திறந்த காரும், அதற்குள் ஒரு தின்பண்டப் பொட்டலமும் குரங்குக்குப் போதும்.

இங்கிலாந்தின் தென்கடற்கரையில் ஸ்வானேஜ் ரயில் பாதைக்கும் இதே தலைவலி இருந்தது. 1972இல் மூடப்பட்ட பாதையைத் தன்னார்வலர்கள் கொஞ்சம் கொஞ்சமாக மீட்டார்கள். 1995இல் பாதை கார்ஃப் காஸில் என்ற பழைய கோட்டைக் கிராமத்தைத் தாண்டி நார்டன்வரை எட்டியது. கிராமத்துக்கு வெளியே அமைந்த அந்த நிலையத்தை ஒட்டியே பெரிய கார் நிறுத்தம் இருக்கிறது. காரை அங்கே விட்டால், ஒடுங்கிய கிராமத் தெருவுக்கும் கடற்கரை ஊருக்கும் நீராவி ரயிலே கொண்டுபோய்ச் சேர்க்கிறது. வேடிக்கைப் பொருளாக மட்டும் இல்லாமல், ஊர் நெரிசலைக் குறைக்கும் வேலையும் ரயிலுக்குக் கிடைத்தது. நீலகிரியில் நாளுக்கு ஒரு ரயிலால் அந்தப் பாரத்தைத் தாங்க முடியாது. ஆனால் காரை ஊருக்கு வெளியே நிறுத்திப் பேருந்தில் உள்ளே வருவது இங்கேயும் ஆகக்கூடியதுதான்.

மேட்டுப்பாளையத்துக்குக் கார் இல்லாமல் வருவது ஒன்றும் கடினமல்ல. சென்னை சென்ட்ரலிலிருந்து இரவில் கிளம்பும் நீலகிரி எக்ஸ்பிரஸ் விடிகாலையில் மேட்டுப்பாளையம் சேர்கிறது. மலை ரயில் அதே நிலையத்திலிருந்துதான் புறப்படுகிறது. கோவையிலிருந்தும் ரயிலும் பேருந்தும் இருக்கின்றன. காரைக் கோவையில் தெரிந்தவர் வீட்டிலோ விடுதியிலோ விட்டுவிட்டால் எந்த வழியாக மலையிறங்கினாலும் கவலையில்லை. வடகிழக்குப் பருவமழையில் மண் சரிந்து, பாறை உருண்டு, பாதை நாள்கணக்கில் மூடப்படும்போதும் இதுவே கைகொடுக்கும். பயணம் ரத்தானால் சீட்டுப் பணம் திரும்பிவிடும். ஏறும்போது ஓடிய ரயில் இறங்கும் நாளில் நின்றுபோனால், மலையடிவாரத்தில் விட்ட கார் மட்டும் வாடகை ஏற ஏற மழையில் நனைந்துகொண்டிருக்கும்.