விடுதலையானவன் எங்கே போவான்?

குற்றவாளிக்கூண்டில் ஒருவன் நிற்கின்றான். சாட்சிகள் விசாரிக்கப்படுகின்றனர்; நீதிபதி தீர்ப்பளிக்கின்றார். மறுநாட் காலையில் நாம் தேநீர் அருந்திக்கொண்டே அச்செய்தியை வாசித்து, "இவனுக்கு இது வேண்டியதுதான்" என்று கூறிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டுகின்றோம். அத்துடன் கதை முடிந்துவிட்டதென்பது நம் எண்ணம். உண்மையில் அது முடிவதில்லை. உயிர் பிரியும்வரை உள்ளேயே இருந்துவிடும் சிலர் போக, சிறை சென்றவர் யாவரும் ஒருநாள் திரும்பி வரவேண்டியவர்களே. அந்த நாளைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதுவதில்லை. ஒருவன் சிறைவாயிலைக் கடந்தான், பஸ் ஏறினான், மறுநாள் வேலை தேடி அலைந்தான் என்பதெல்லாம் செய்தியாகுமா?

அந்த நாளைப் பற்றியே சிந்தித்தவர்கள் சிலர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இருந்தனர். அவர்களுள் ஒருவரைப் பற்றி உலகம் ஓரளவு பேசியிருக்கின்றது. இன்னொருவரோ சாதாரண ஆசிரியர். அவர் பெயரைக் கேள்வியுற்றோர் மிகச் சிலர். அந்த ஆசிரியரை வாசகர்களுக்கு அறிமுகப்படுத்தவே நாம் விரும்புகின்றோம். எனினும் முதலாமவரிடமிருந்து தொடங்கினாலன்றி அவருடைய பணியின் பெருமை விளங்காது.

முதலாமவர் அலெக்சாண்டர் மக்கோனக்கி. 1787இல் எடின்பரோவிற் பிறந்து, பிரித்தானியக் கடற்படையிற் சேர்ந்தவர். நெப்போலியன் காலத்துப் போரிலே 1811இல் பிரெஞ்சுக்காரரிடம் அகப்பட்டு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் போர்க்கைதியாக இருந்தவர். சிறைகளைச் சீர்திருத்த முற்பட்டோருட் பலர் சிறையை வெளியிலிருந்தே கண்டவர்கள். இவரோ பூட்டிய கதவின் உட்புறத்தை அறிந்தவர். பின்னர் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் முதலாவது புவியியற் பேராசிரியருமானார்.

அக்காலத்தில் இங்கிலாந்து தன் குற்றவாளிகளைக் கப்பலேற்றி அவுஸ்திரேலியாவுக்கு அனுப்பி வந்தது. அங்கும் மீண்டும் குற்றம் புரிந்தோரைத் தள்ளுவதற்கு ஓரிடம் வேண்டியிருந்தது. அதற்கென வாய்த்ததே நோர்போக் தீவு. பசிபிக் சமுத்திரத்தின் நடுவே, அவுஸ்திரேலியக் கரையிலிருந்து ஏறக்குறைய 1,400 கிலோமீற்றர் தொலைவில், எட்டுக் கிலோமீற்றர் நீளமேயுள்ள ஒரு நிலத்துண்டு. ஊசியிலை மரங்கள் வானளாவ நிற்கும் அழகிய தீவுதான்; ஆனால் கசையும் விலங்கும் தூக்குமரமுமே அங்கு ஆட்சி புரிந்தன. 1840 மார்ச்சு மாதத்தில் அத்தீவின் தலைமையதிகாரியாக மக்கோனக்கி வந்திறங்கினார்.

ஒரு மனிதனுக்கு ஏழு ஆண்டு தண்டனை விதித்தால், அவன் உழைத்தாலும் உறங்கினாலும் ஏழு ஆண்டுகள் கழியும். நல்லவனாய் இருப்பதால் அவனுக்கு யாது பயன்? இதுவே மக்கோனக்கி எழுப்பிய கேள்வி. ஆகவே தண்டனையை ஆண்டுகளால் அளவிடாது புள்ளிகளால் அளவிட்டார். ஏழு ஆண்டு தண்டனைக்கு 6,000 புள்ளிகள். பத்து ஆண்டுக்கு 7,000. ஆயுட் தண்டனைக்கு 8,000. உழைப்பாலும் நன்னடத்தையாலும் அவற்றைச் சம்பாதிக்க வேண்டும். மேலதிக உணவோ வேறு வசதியோ வேண்டுமாயின் அதே புள்ளிகளைச் செலவிட்டு வாங்கவேண்டும். இன்று இனிப்பாக உண்பதா, அன்றி நாளை விடுதலையை நெருங்குவதா? வெளியுலகில் ஒவ்வொரு குடும்பத் தலைவனும் மாதந்தோறும் செய்யும் கணக்கைத்தானே இதுவும் கற்பிக்கின்றது! பின்னர் அறுவர் அறுவராகக் குழுக்கள் அமைந்தன. ஒருவன் தவறினால் அறுவரும் புள்ளிகளை இழக்கவேண்டியதாயிற்று.

அவ்வாண்டு மே மாதம் 25ஆந் திகதி விக்டோரியா மகாராணியின் பிறந்தநாள் கொண்டாடப்பட்டது. மக்கோனக்கி சிறைக் கதவுகளைத் திறந்துவிட்டார். கைதிகள் தீவெங்கும் விருப்பம்போல் உலாவினர், மகாராணியின் நலம் வேண்டி எலுமிச்சைச் சாற்றிற் கலந்த சிறிதளவு றம் அருந்தினர், நாடகம் நடித்தனர், வாணவேடிக்கை கண்டனர். மாலையில் அழைப்பு ஒலித்ததும் அனைவரும் தத்தம் கொட்டடிக்குத் திரும்பினர். யாதோர் அசம்பாவிதமும் நிகழவில்லை. ஆயினும் செய்தி சிட்னிக்கு எட்டியபோது அங்குள்ளோர் எள்ளி நகைத்தனர். கைதிகளுக்கு வாணவேடிக்கையா என்று அவர்கள் கேட்டதில் வியப்பில்லை. அயல்வீட்டிற் களவு போனவனிடம் இக்கதையைச் சொன்னால் அவனும் அவ்வாறுதான் கேட்பான்.

தீவிலிருந்த கைதிகளுள் சாள்ஸ் அன்டேர்சன் என்பவனின் வரலாறு உள்ளத்தை உருக்குவது. கடற்படை மாலுமியாயிருந்து தலையிற் காயமுற்றவன். அதன் பின் சினத்தை அடக்கும் ஆற்றலை இழந்தவன். சிட்னித் துறைமுகத்திலுள்ள ஒரு தீவிலே அவனைப் பாறையோடு சங்கிலியாற் பிணைத்திருந்தனர் என்றும், படகிற் செல்வோர் அவனுக்கு ரொட்டித் துண்டுகளை எறிந்து வேடிக்கை பார்த்தனர் என்றும் கூறுவர். கசையடிகளுக்கோ கணக்கில்லை. மக்கோனக்கி அவனிடம் அடங்காத எருதுகள் சிலவற்றை ஒப்படைத்து, வேறெவரும் அவனைத் தொந்தரவு செய்யலாகாதென்று கட்டளையிட்டார். எருதுகளும் பழகின, அவனும் பழகினான். பின்னர் மலையுச்சியிலிருந்து கப்பல்களுக்குக் கொடிச்சைகை காட்டும் பொறுப்பும் அவனுக்குக் கிடைத்தது. பழைய மாலுமிக்கு இதனினும் பொருத்தமான தொழில் வேறென்ன?

இத்தகைய நற்பணிக்கு ஒரு பெருங்குறை இருந்தது. புள்ளிகளைச் சேர்த்து முடித்தவனை விடுவிக்கும் அதிகாரம் மக்கோனக்கியிடம் இருக்கவில்லை. தீவிலிருந்த பழைய கைதிகள் ஏறத்தாழ 1,200 பேருக்கு இம்முறையைப் பிரயோகிக்கவே கூடாதென்று தேசாதிபதி கிப்ஸ் பணித்திருந்தார். அவர்களைப் பொறுத்தவரை புள்ளிகள் செல்லாக் காசாகிவிடும் அபாயம் இருந்தது. ஒரு வாக்குறுதியை நம்பி உழைத்தவனிடம் அவ்வாக்குறுதி செல்லாது என்று சொல்லும் நிலையை வாசகர்கள் எண்ணிப் பார்க்கவேண்டும்.

1843இல் கிப்ஸ் முன்னறிவித்தலின்றித் தீவுக்கு வந்து பார்த்து, தாம் கண்ட ஒழுங்கை மெச்சி எழுதினார். அதற்குள் மக்கோனக்கியைத் திரும்ப அழைக்கும் முடிவு லண்டனில் எடுக்கப்பட்டுவிட்டது. 1844இல் அவர் தீவை விட்டகன்றார். பின்வந்தவர் பழைய கடுமைக்குத் திரும்பினார். 1846 ஜூலையில் கைதிகள் தாமே சமைத்து வந்த பாத்திரங்களைப் பறித்தமையால் கலகம் மூண்டது. உத்தியோகத்தர் நால்வர் கொல்லப்பட்டனர். அவ்வாண்டு ஒக்டோபரில் ஒரே நாளில் பன்னிருவர் தூக்கிலிடப்பட்டனர். யாவும் சமையற் பாத்திரங்களில் தொடங்கியவை!

தம் காலத்தில் விடுதலையாகிச் சிட்னி சென்ற பழைய கைதிகள் 920 பேரில் 20 பேர் மட்டுமே மீண்டும் தண்டிக்கப்பட்டனர் என்று மக்கோனக்கி கணக்குக் காட்டினார். இக்கணக்கை நாம் அப்படியே ஏற்கத் தயங்குகின்றோம். அது அவரே தந்த கணக்கு. அவர்களைத் தொடர்ந்து கவனித்த காலமும் குறுகியது. அத்தோடு, சிட்னித் தெருக்களில் இறங்கிய அந்த 920 பேருக்கும் யார் வேலை கொடுத்தார்? யார் வீடு கொடுத்தார்? அவற்றைக் கவனிக்க அங்கு எவரையும் நியமித்திலர்.

மக்கோனக்கியின் முறை அயர்லாந்திலேதான் முழுமை பெற்றது. 1854இல் அந்நாட்டுச் சிறைகளுக்குத் தலைவராக வந்த வால்டர் குரொப்டன் அதனைப் படிப்படியாக வகுத்தார். முதலிற் சில மாதங்கள் டப்ளினிலுள்ள மவுண்ட்ஜோய் சிறையிலே தனிமை; பின்னர் ஸ்பைக் தீவு போன்ற இடங்களிற் கூட்டுவேலையும் புள்ளிகளும். அதன்மேல் அவர் புதிதாகச் சேர்த்தது இடைநிலைச் சிறை. டப்ளினுக்கு வடக்கேயுள்ள லஸ்க் என்ற இடத்தில், மதிலின்றி, இரும்புத் தகட்டுக் குடில்களிலே கைதிகள் தங்கி வயல் திருத்தினர். காவலர் மிகச் சிலர்; அவர்களிடம் ஆயுதமில்லை. டப்ளினில் ஸ்மித்பீல்ட் என்னும் மற்றோர் இடைநிலைச் சிறையிலிருந்து கைதிகள் தனியே நகருக்குள் அனுப்பப்பட்டு, காரியம் முடித்துத் திரும்பி வந்தனர். கைதி திருந்திவிட்டான் என்று அதிகாரி சொன்னாற் போதாது. அதனை ஊர் கண்ணாற் காணவேண்டும் என்பது குரொப்டனின் கருத்து. லஸ்க் வாசிகள் தொடக்கத்தில் அஞ்சினர். அச்சம் மெல்லத் தணிந்தது.

இனி நாம் சொல்லவந்த ஆசிரியர். அவர் பெயர் ஜேம்ஸ் ஓகன். ஸ்மித்பீல்டில் மாலைவேளைகளிற் கைதிகளுக்கு வகுப்பு நடத்துவது அவர் தொழில். அவர் கற்பித்தவை நாட்டு நடப்பு, கூலி விவகாரம், மதுவினால் வருங்கேடு, வேறு நாடுகளிலே குடியேறும் வழி என்பன. வகுப்பில் அறிந்த மாணாக்கனுக்கு வெளியே வேலை தேடிக் கொடுப்பதும் அவர் பொறுப்பாயிற்று. டப்ளினிலும் அதன் சுற்றுப்புறத்திலும் முதலாளிமாரின் வாயில்தோறும் ஏறியிறங்கி, "இவனைத் திருடன் என்று அறிந்தே எடுங்கள்; நான் வந்து பார்ப்பேன்" என்ற நிலையில் நின்று பேசினார். உண்மையை மறைத்து ஒருவனையும் அவர் சேர்த்துவிட விரும்பவில்லை. அவ்வாறு சேர்த்தால், உண்மை வெளிப்படும் நாளில் அவனுக்குப் பின்னால் வரும் பத்துப்பேருக்கும் கதவு அடைபட்டுவிடும் அல்லவா? வேலையில் அமர்த்திய பின்னரும் அவர்களைக் குறித்த தவணைகளிலே நேரிற் சென்று கண்டு வந்தார். கிராமப்புறங்களில் இந்தக் கண்காணிப்பைப் பொலிசார் செய்தனர். டப்ளினில் அதனைச் செய்தவர் ஆசிரியர். பொலிஸ்காரன் வாசலில் வந்து நின்றால் அயலார் என்ன நினைப்பர், பழைய வாத்தியார் வந்து நின்றால் என்ன நினைப்பர் என்பதை நாம் விளக்கவேண்டியதில்லை.

குரொப்டனின் முறை பின்னர் கடல் கடந்து அமெரிக்கா சென்று, இன்று பல நாடுகளில் "பரோல்" என வழங்கும் நிபந்தனை விடுதலைக்கு வழிகாட்டியாயிற்று. புள்ளிகளும் படிகளும் சட்டப் புத்தகங்களில் ஏறின. வாயில்தோறும் ஏறியிறங்கும் ஆசிரியரைச் சட்டப் புத்தகத்தில் ஏற்றுவது அவ்வளவு எளிதன்று.

நம் நாட்டிலும் வேலை கேட்டுச் செல்வோனிடம் கிராம அலுவலரின் நற்சான்றிதழைக் கேட்பது வழக்கம். முதலாளியின் பக்கத்திலும் நியாயம் உண்டு. கல்லாப்பெட்டியின் திறப்பை யாரிடமும் கொடுத்துவிட முடியுமா? அந்த அச்சத்தை ஓகன் பழித்ததில்லை. முதலாளியோடு ஒரு நாற்காலியில் அமர்ந்து, அவன் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் விடை சொல்வதே அவர் வழி. முதலில் முகங்கொடுத்துப் பேசவும் மறுத்த முதலாளிமார் சிலர், தம்மிடம் வந்தவன் ஒழுங்காக வேலை செய்வதைக் கண்டபின், இன்னொருவன் இருந்தால் அனுப்பும்படி தாமே கேட்டு வந்தனர்.