கொடியை ஏற்றினால் போதுமா? இறக்கவும் தெரிய வேண்டும்!

ஆகஸ்டு 15-ந் தேதி வந்தால் மயிலாப்பூர் மாடவீதிகளிலும், தியாகராயநகர்க் கடை வாசல்களிலும், அடையாறு வீட்டு மாடிகளிலும் தேசியக்கொடி பறக்கிறது. கண்கொள்ளாக் காட்சி!

மறுநாள் காலையில் பாருங்கள். சில கொடிகள் மழையில் நனைந்து மாடிக் கம்பியில் சுருண்டு கிடக்கும். காகிதக் கொடிகள் தெருவில் மிதிபடும். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. முறை தெரியாததால் வரும் குறை இது.

கோட்டையில் ஏறிய கொடி

இதே சென்னையில் ஒரு காலத்தில் கொடி ஏற்றுவது குற்றம். 1932 ஜனவரியில் ஆரியா என்கிற பாஷ்யம், இரவோடிரவாகக் கோட்டைக் கொடிமரத்தில் ஏறி, அன்றைய மூவர்ணக் கொடியைப் பறக்கவிட்டார். உயிருக்குத் துணிந்த செயல் அது! 1947 ஆகஸ்டு 15-ந் தேதி அதே கோட்டையில் ஏற்றிய கொடியை, அங்குள்ள அருங்காட்சியகத்தில் இன்றும் பாதுகாத்து வருகிறார்கள்.

முன்பு பொதுமக்கள் நினைத்த நாளில் வீட்டில் கொடி ஏற்ற முடியாது. 2002 ஜனவரி 26 முதல் எல்லா நாளும் ஏற்றலாம் என்று கொடி விதிகள் மாறின. அது குடிமக்களின் அடிப்படை உரிமை என்று 2004-ல் சுப்ரீம் கோர்ட்டும் தீர்ப்புக் கூறியது. உரிமை வந்தால் பொறுப்பும் கூடவே வரும் அல்லவா?

ஏற்றும்போது

காவி நிறம் மேலே இருக்க வேண்டும். சுவரில் நெடுக்காகத் தொங்கவிட்டால், பார்ப்பவருக்கு இடது கைப்பக்கம் காவி வர வேண்டும்.

3 அடி நீளம் என்றால் 2 அடி உயரம். இதுதான் அளவு. கிழிந்த கொடி, கசங்கிய கொடி ஆகாது. கொடியில் எதையும் எழுதக் கூடாது. உள்ளே பூ இதழ்களை வைத்து விரிக்கலாம். கம்பத்தின் உச்சியில் மாலை சூட்டக் கூடாது. கொடி தரையிலோ தண்ணீரிலோ படக் கூடாது.

முன்பு சூரியன் மறைவதற்குள் இறக்கிவிட வேண்டும். 2022 ஜூலை முதல் வீடுகளில் இரவிலும் பறக்கவிடலாம். அதற்காக மாதக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் விட்டுவிடலாமா? சாயம் போகுமுன் இறக்குவதே மரியாதை.

இறக்கும்போது

ஏற்றும்போது விரைவு, இறக்கும்போது நிதானம். காவியையும் பச்சையையும் வெள்ளைக்கு அடியில் மடித்து, பிறகு சக்கரம் மேலே தெரியும்படி இரு பக்கமும் மடியுங்கள். சுத்தமான இடத்தில் வையுங்கள்.

பழசாகிவிட்டால்? குப்பையில் போடாதீர்கள். கைத்துணியாக்காதீர்கள். தனியான இடத்தில், முழுக் கொடியாகவே, மரியாதையுடன் எரித்துவிடுவது நல்லது. கொடியை அவமதித்தால் 1971-ம் ஆண்டுச் சட்டப்படி 3 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு.

தாய்மார்களே! குழந்தைக்குக் காகிதக் கொடி வாங்கிக் கொடுக்கும்போதே, அதைக் கீழே போடக் கூடாது என்றும் சொல்லிக் கொடுங்கள். 16-ந் தேதி காலையில் தெருவில் ஒரு கொடி கிடந்தால், குனிந்து எடுக்க அந்தப் பிள்ளையின் கை முதலில் நீளட்டும்!