தூங்குவதுபோல் மெல்லக் கண்ணை மூடுங்கள்

மாமல்லபுரத்துச் சிற்பக்கூடங்களில் முகம் செதுக்குமுன் நடுக்கோடு போடுவார்கள். காவி தோய்த்த நூலை இழுத்துப் பிடித்துக் கல்மேல் அடித்தால், நெற்றி முதல் மோவாய் வரை சிவப்பாக ஒரு கோடு விழும். அதிலிருந்து இரு கண்ணும் ஒரே தூரம். முகவாதம் வந்தவரின் படத்தில் கணினி தேடுவதும் அந்த நடுக்கோட்டைத்தான்.

முகத்தை அசைப்பது ஏழாவது மூளை நரம்பு, பக்கத்துக்கு ஒன்று. காதருகே குறுகலான எலும்புக் குழாய்க்குள் அது வீங்கி நெரிந்தால், ஒரே இரவில் பாதி முகம் தொய்ந்துவிடும். காலையில் வாய் கொப்பளிக்கையில் தண்ணீர் ஒரு ஓரமாக ஒழுகும்போதுதான் பலருக்குத் தெரியவரும்.

பாதிப்பை ஆறு படிகளாகப் பிரிக்கும் முறை 1985-இல் வந்தது. ஹவுஸ், பிராக்மன் என்ற அமெரிக்க மருத்துவர்கள் தந்தது. முயன்றால் கண் முழுதாக மூடும் என்றால் மூன்றாம் படி, மூடாவிட்டால் நான்காம் படி. ஆனால் ஒரு மருத்துவருக்கு ‘லேசாக’த் தெரிவது இன்னொருவருக்கு ‘நன்றாக’த் தெரியும்.

கணினி முகத்தில் 68 புள்ளிகள் வைக்கிறது. புருவம் தூக்கு, கண் மூடு, சிரி என்று சொல்லி, எந்தப் பக்கப் புள்ளி எவ்வளவு நகர்ந்தது என்று ஒப்பிடுகிறது. சும்மா இருக்கும் முகத்தை மட்டும் நம்ப முடியாது. யாருக்கும் இரு பாதியும் அச்சாக ஒன்றல்ல. படத்தில் தூரத்தை அளக்க அளவுகோல் எது தெரியுமா? கருவிழி. பெரியவர்களில் ஏறக்குறைய எல்லாருக்கும் அதன் குறுக்களவு 12 மில்லிமீட்டரை ஒட்டியே இருக்கும். இதைவிட அழகான அளவுகோலை நான் அறியேன்.

ஒரு சிக்கலும் உண்டு. நலமான முகங்களை மட்டுமே பார்த்துப் பழகிய நிரல், கோணிய வாயில் புள்ளியை இடம் மாற்றி வைத்துவிடும். நோயாளிகளின் படங்களைக் காட்டிப் பழக்கிய பிறகுதான் பிழை குறைந்தது.

இந்த அளவீடு நம் பக்கத்தில் பெரிதும் உதவக்கூடிய இடம் தொழுநோய். செங்கல்பட்டை அடுத்த திருமணியில் 1924-இல் தொடங்கிய லேடி வில்லிங்டன் தொழுநோய் இல்லத்தை 1955-இல் மத்திய அரசு ஏற்று ஆராய்ச்சி நிலையமாக்கியது. உடலில் குளிர்ச்சியான இடங்களே தொழுநோய்க் கிருமிக்குப் பிடிக்கும். கன்னத்தெலும்பின் மேல், தோலுக்குச் சற்றே கீழே ஓடும் நரம்புக்கிளையை அது தாக்கினால் இமை மூடாது. விழி காய்ந்து, புண்ணாகி, பார்வையே போகலாம். அந்த நரம்பின் பாதிப்பு புதிதாக இருக்கும்போதே ஸ்டீராய்டு கொடுக்க வேண்டும்.

அதனால்தான் தொழுநோய் மருத்துவத்தில் “தூங்குவதுபோல் மெல்லக் கண்ணை மூடுங்கள்” என்று சொல்லிவிட்டு, இமைகளுக்கு இடையே தெரியும் வெள்ளைக் கீற்றைச் சிறு அளவுகோலால் அளக்கிறார்கள். கைப்பேசிப் படத்திலும் அதை அளக்கலாம். போன மாதம் 4 மில்லிமீட்டர், இந்த மாதம் 2 என்றால் நரம்பு தேறிக்கொண்டிருக்கிறது.