மார்கழி விளக்கில் விழும் பூச்சி எது?

குழித்துறை வட்டாரத்தில் வாழைக்கும் தென்னைக்கும் ரப்பருக்கும் இடையே எஞ்சியுள்ள வயல்களில் கும்பப்பூ நெல் கதிர்விடும் காலம் மார்கழி, தை. மழை ஓய்ந்து பனி இறங்கும் இந்நாட்களில் வீட்டு விளக்கைச் சுற்றி அந்துப்பூச்சிகள் பறப்பதைக் காணலாம். அவையெல்லாம் நெல்லின் பகையல்ல. பயிரைத் தின்பது அந்துப்பூச்சி அல்ல, அதன் புழுவே. ஆனால் பூச்சியை இனம் கண்டால் வரப்போகும் புழுவை முன்கூட்டியே அறியலாம்.

இரவு 7 மணிக்கு விளக்கின் பின்னால் வெள்ளை வேட்டியைத் தொங்கவிட்டு, அதில் வந்து உட்காரும் பூச்சிகளைப் பாருங்கள். கையால் பிடித்தால் இறக்கைத் தூள் உதிர்ந்து அடையாளம் மறைந்துவிடும்.

குருத்துப்பூச்சி: பெண் பூச்சி மஞ்சள் நிறம். முன்னிறக்கை ஒவ்வொன்றிலும் தெளிவான ஒரு கரும்புள்ளி இருக்கும். ஆண் சிறியது, வெளிர் பழுப்பு நிறமானது.

இலைச்சுருட்டுப்புழு: மஞ்சள் கலந்த பழுப்பு இறக்கையில் அலை போன்ற கருங்கோடுகளும், ஓரத்தில் கரும்பட்டையும் காணப்படும்.

கூண்டுப்புழு: மென்மையான வெள்ளைப் பூச்சி, இறக்கையில் வெளிர் பழுப்புப் புள்ளிகள் இருக்கும். நீர் தேங்கும் இளம் நடவில்தான் இதன் தொல்லை அதிகம்.

இவற்றுள் இப்போது கவனிக்க வேண்டியது குருத்துப்பூச்சி. இது இலை நுனியருகே முட்டைகளைக் குவியலாக இட்டு மஞ்சள் கலந்த பழுப்பு ரோமத்தால் மூடிவிடும். 5 முதல் 8 நாட்களில் புழு வெளிவந்து தண்டைத் துளைக்கும். இளம் பயிரில் நடுக்குருத்து காயும். கதிர் பருவத்தில் வெண்கதிர் தோன்றும். வெண்கதிரைக் கண்டபின் மருந்தடித்தாலும் அந்தக் கதிர் மணி பிடிக்காது. ஆகவே பூச்சியைக் கண்ட வாரத்திலேயே வயலில் இறங்கிப் பாருங்கள். முட்டைக்குவியல்களைக் கிள்ளி அழியுங்கள். சதுர மீட்டருக்கு 2 முட்டைக்குவியல் இருந்தால் மட்டும் மருந்தைப் பற்றி யோசிக்கலாம்.

அடுத்த பருவத்தில் நாற்றின் நுனியைக் கிள்ளிவிட்டு நடுங்கள். நட்ட 30, 37-ஆம் நாட்களில் டிரைக்கோகிரம்மா ஜப்பானிகம் முட்டை ஒட்டுண்ணியை ஏக்கருக்கு 2 சி.சி. வீதம் விடலாம். ஒட்டுண்ணி விட்ட நாட்களில் பூச்சிமருந்து தெளிக்கக் கூடாது.

அடையாளம் தெரியாத பூச்சியைக் காலித் தீப்பெட்டியில் போட்டு, அருகிலுள்ள வேளாண் விரிவாக்க மையத்திலோ திருப்பதிசாரம் வேளாண் ஆராய்ச்சி நிலையத்திலோ காட்டுங்கள். பெயர் தெரிந்தபின் மருந்துக் கடைக்குப் போனால் போதும்.