காலையில் எழுவது எதற்காக?



என் தகப்பனார் முப்பத்தாறு ஆண்டுகள் பால் மரம் சீவியவர். வேலை ஓய்வு பெற்ற மறுநாளும் விடியற்காலை நாலரை மணிக்கே எழுந்துவிட்டார். முகம் கழுவினார். கோப்பி கலந்து குடித்தார். வாசலில் வந்து உட்கார்ந்தார். விடிந்தது. அவர் போவதற்கு ஓர் இடமில்லை.

தோட்டத்து வீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பட்டணத்துத் தாமானில் உள்ள என் வீட்டுக்கு வந்திருந்தார். நானும் என் மனைவியும் அவரை நன்றாக வைத்துக்கொள்ள வேண்டும் என்றுதான் நினைத்தோம். அவர் துடைப்பத்தை எடுத்தால் வாங்கி வைத்தோம். செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போனால், "அப்பா, நீங்க சும்மா உட்காருங்க. இத்தனை வருசம் பாடுபட்டது போதாதா?" என்றோம். மரியாதை செய்வதாகவே எண்ணினோம். ஆறு மாதத்தில் ஆள் பாதியாக இளைத்துவிட்டார். டாக்டர் சோதித்துப் பார்த்து, குறிப்பிட்டுச் சொல்லும்படி நோய் ஒன்றும் இல்லை என்றார்.

ஒருநாள் அவரே வாய் திறந்து சொன்னார்: "பெரட்டுல பேர் கூப்பிடுவாங்க, நான் குரல் கொடுப்பேன். இப்ப என்னை யாருப்பா கூப்பிடுறா?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. பல ஆண்டுகள் கழித்து, ஜப்பானியரின் ஒரு சொல்லைப் பற்றிப் படித்தபோதுதான் அன்று என் தகப்பனார் கேட்டது எது என்று புரிந்தது. அந்தச் சொல்லைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன்.

ஜப்பான் என்றதும் உங்களில் சிலர் முகம் சுளிக்கலாம். அது நியாயம்தான். 1942, 1943 ஆம் ஆண்டுகளில் சயாம்–பர்மா ரயில் பாதை போட நம் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்களை ஜப்பானிய இராணுவம் கொண்டு சென்றது. திரும்பி வராதவர்கள் ஏராளம். அதை நாம் மறக்க வேண்டியதில்லை. ஆனால், இராணுவம் வேறு, அந்நாட்டு மக்கள் பட்டறிந்து சொன்ன நல்ல கருத்து வேறு. நல்லது எங்கிருந்து வந்தாலும் எடுத்துக்கொள்ளலாம் அல்லவா?

ஒரு சிறு சொல்

அந்தச் சொல் 'இக்கிகாய்'. 'இக்கி' என்றால் வாழ்தல். 'காய்' என்றால் பயன், பெறுமதி. வாழ்வதற்கு ஒரு பெறுமதி, காலையில் கண் விழித்து எழுவதற்கு ஒரு காரணம் என்று விரித்துச் சொல்லலாம். ஜப்பானில் இது பண்டிதர்கள் மட்டும் பேசும் சொல் அல்ல. சாதாரண மக்கள் வீட்டிலும் கடையிலும் பேசும் சொல். "எனக்கு இக்கிகாய் என் பேரப்பிள்ளைகள்தான்" என்பார் ஒரு பாட்டி. "என் காய்கறிப் பாத்திதான்" என்பார் இன்னொரு முதியவர்.

கைப்பேசியில் நான்கு வட்டங்கள் போட்ட ஒரு படம் சுற்றி வருகிறது. நீங்கள் விரும்புவது, உங்களுக்கு நன்றாக வருவது, உலகுக்குத் தேவையானது, சம்பளம் கிடைப்பது ஆகிய நான்கும் சேரும் இடமே இக்கிகாய் என்று அதில் போட்டிருக்கும். அந்தப் படம் ஜப்பானில் பிறந்ததல்ல. மேல்நாட்டார் வரைந்த வேறொரு படத்தில் 2014-ஆம் ஆண்டு இந்தச் சொல்லைச் சேர்த்துப் பரப்பிவிட்டார்கள். ஜப்பானியர் சொல்லும் இக்கிகாய்க்குச் சம்பளம் வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. சம்பளம் நின்றுபோன பிறகும் வாழ வேண்டியவர்கள் நாம். ஆகவே இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

தீவில் ஒரு பெண் மருத்துவர்

இந்தச் சொல்லை ஆழமாக ஆராய்ந்தவர் மியெக்கோ காமியா என்ற அம்மையார். 1914-இல் பிறந்தவர். இளவயதில் காசநோயால் வருந்தி மீண்டவர். பிறகு மனநோய் மருத்துவரானார். கணவர், இரு பிள்ளைகள் என்ற குடும்பப் பொறுப்புகளுக்கு நடுவே, ஓக்கயாமா மாநிலத்தில் நாகாஷிமா என்ற தீவில் இருந்த தொழுநோயாளர் இல்லத்திற்கு 1957 முதல் சென்று வந்தார்.

அந்த இல்லம் 1930-இல் திறக்கப்பட்டது. நம் சிலாங்கூரில் சுங்கை பூலோ தொழுநோயாளர் குடியிருப்பு திறக்கப்பட்டதும் அதே 1930-இல்தான். நாகாஷிமா தீவுக்கும் கரைக்கும் நடுவே இருந்த கடல் மிகக் குறுகலானது. ஒடுக்கமான இடத்தில் ஏறத்தாழ 30 மீட்டர்தான். ஆனால், உள்ளே போனவர்கள் திரும்ப முடியவில்லை. குடும்ப மானம் கெடக்கூடாது என்று சொந்தப் பெயரையே மாற்றிக்கொண்டவர்கள் உண்டு. மருந்து வந்து நோய் குணமான பிறகும் சட்டம் அவர்களை விடவில்லை. 1988-இல்தான் அத்தீவுக்குப் பாலம் வந்தது. ஒதுக்கி வைக்கும் சட்டம் 1996-இல்தான் நீக்கப்பட்டது.

அங்கே காமியா அம்மையார் கண்டது அவரைச் சிந்திக்க வைத்தது. உண்ண உணவும் படுக்க இடமும் இருந்தன. உடலில் பெரிய குறை இல்லாதவர்களும் இருந்தார்கள். ஆனாலும் பலர், "நாளை என்று ஒன்று எங்களுக்கு இல்லை" என்ற மனநிலையில் வாடினார்கள். அதே தீவில், அதே வேலிக்குள், வேறு சிலர் மலர்ந்த முகத்தோடு வாழ்ந்தார்கள். இந்த வேறுபாடு எதனால் வந்தது?

ஒரு சான்று சொல்கிறேன். 1950-களில் அத்தீவில் கண் பார்வை இழந்த நோயாளிகள் சேர்ந்து ஒரு மௌத் ஆர்கன் இசைக்குழு தொடங்கினார்கள். அதற்கு 'நீலப் பறவை' என்று பெயர் வைத்தார்கள். பார்வையற்றோர் விரலால் தடவிப் படிக்கும் புள்ளி எழுத்தை அவர்களில் பலரால் படிக்க முடியாது; நோயினால் விரல்கள் மரத்துப் போயிருந்தன. அதனால் நாக்கால் தடவிப் படித்தார்கள். நாக்கில் புண் வந்து இரத்தம் கசிந்தாலும் விடவில்லை. மாணவர்களுக்கு இதைச் சொல்லும்போது என் வகுப்பறையில் சத்தமே இருக்காது.

காமியா அம்மையார் தம் ஆராய்ச்சியை 1966-இல் நூலாக வெளியிட்டார். மனிதருக்குச் சோறும் துணியும் போதாது. நாளைக்கு என்று எதிர்பார்க்க ஏதோ ஒன்று வேண்டும். தான் வளர்வதாக உணர வேண்டும். தன்னை யாரோ எதற்கோ தேவைப்படுகிறார்கள் என்ற நினைப்பு வேண்டும் என்பது அவர் கண்டதன் சாரம். என் தகப்பனார் "யாரு கூப்பிடுறா?" என்று கேட்டதும் இதைத்தானே?

சுங்கை பூலோவிலும் இப்படித்தான் நடந்தது. அங்கே ஒதுக்கி வைக்கப்பட்டவர்கள் பூச்செடிகளையும் மரக்கன்றுகளையும் வளர்த்து விற்கத் தொடங்கினார்கள். கோலாலம்பூர்வாசிகள் செடி வாங்க ஓடும் நாற்றுப் பண்ணைகள் அப்படி வந்தவைதாம்.

கணக்கு என்ன சொல்கிறது?

"வாத்தியார் கதை சொல்கிறார், சான்று உண்டா?" என்று கேட்பீர்கள். உண்டு. ஜப்பானின் மியாகி மாநிலத்தில் ஓசாக்கி வட்டாரத்தில், 40 முதல் 79 வயது வரையிலான மக்களிடம் 1994-இல் தோஹோக்கு பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் ஒரு கேள்வி கேட்டார்கள்: "உங்கள் வாழ்க்கையில் இக்கிகாய் இருக்கிறதா?" 43,391 பேரை ஏழு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். 'உண்டு' என்றவர்கள் 59 விழுக்காட்டினர். 'இல்லை' என்றவர்கள் 5 விழுக்காட்டிற்கும் குறைவு. மற்றவர்கள் உறுதியாகச் சொல்லவில்லை.

அந்த ஏழு ஆண்டுகளில் 3,048 பேர் இறந்தனர். 'உண்டு' என்றவர்களைவிட 'இல்லை' என்றவர்கள் இறக்கும் வாய்ப்பு ஒன்றரை மடங்காக இருந்தது. இருதய நோய், பக்கவாதம் போன்றவற்றில் இந்த வேறுபாடு தெரிந்தது, புற்றுநோயில் தெரியவில்லை. வயது, நோய், புகைப்பழக்கம் ஆகியவற்றைக் கழித்துப் பார்த்தபோதும் வேறுபாடு நின்றது. 2008-இல் இந்த முடிவுகள் வெளியாயின.

இதை வைத்துக்கொண்டு, மனத்தில் ஆசை இருந்தால் மருந்து வேண்டாம் என்று யாரும் எண்ணிவிடாதீர்கள். ஒன்றோடொன்று சேர்ந்து வருகிறது என்றுதான் கணக்கு காட்டுகிறது. இதனால்தான் அது என்று அறுதியிட்டுக் கூறவில்லை. இரத்த அழுத்தத்திற்கும் இனிப்பு நீருக்கும் கிளினிக்கில் கொடுக்கும் மாத்திரையை விடாமல் சாப்பிடுங்கள்.

வாழை நாரில் ஒரு நூற்றாண்டு

ஜப்பானின் தென்கோடியில் ஓக்கினாவா தீவுகள் இருக்கின்றன. அங்கே ஓகிமி என்ற கிராமம் நீண்ட ஆயுளுக்குப் பேர் பெற்றது. அக்கிராமத்தின் கிஜோக்கா பகுதியில் வாழை நாரால் துணி நெய்வார்கள். நாம் பழம் உண்ணும் வாழை அல்ல இது. நாருக்காகவே வளர்க்கும் வகை. மரம் மூன்று ஆண்டு வளர வேண்டும். தண்டை வெட்டி, மடல் மடலாக உரித்து, சாம்பல் நீரில் வேகவைத்து, நாரைச் சுரண்டி எடுத்து, ஒவ்வொரு நாராக முடிச்சுப் போட்டு நூலாக்க வேண்டும். ஓர் உடைக்கு ஏறத்தாழ 200 மரங்கள் தேவை. முடிச்சுப் போடும் பொறுமையான வேலையை வயது முதிர்ந்த பெண்கள் தங்கள் வீட்டிலிருந்தே செய்வார்கள்.

1945-இல் நடந்த போரில் ஓக்கினாவா சின்னாபின்னமானது. இந்த நெசவும் அழியும் நிலைக்கு வந்தது. அப்போது தோஷிக்கோ தைரா என்ற பெண்ணுக்கு வயது இருபத்து நான்கு. போர்க் காலத்தில் ஜப்பானின் பெருநிலத்துத் தொழிற்சாலை ஒன்றுக்கு வேலைக்கு அனுப்பப்பட்டிருந்தார். போர் முடிந்ததும் அங்கேயே நெசவு கற்று, ஊர் திரும்பி, ஊர்ப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு மறுபடியும் தறியைத் தொடங்கினார். 1974-இல் அரசு அந்நெசவைப் பாதுகாக்க வேண்டிய கலைச்செல்வமாக அறிவித்தது. 2000-இல் அவருக்கு 'வாழும் தேசியச் செல்வம்' என்ற சிறப்புக் கிடைத்தது. முதுமையிலும் நாரை விடாத அந்த அம்மையார், 2022-இல் தமது 101-ஆம் வயதில் மறைந்தார்.

ஓக்கினாவாவில் 'மொவாய்' என்ற வழக்கமும் உண்டு. நம்மவர்கள் கூட்டுப் போடுவது போல, நண்பர்கள் சிலர் மாதம் ஒருமுறை கூடிப் பணம் போட்டு முறைவைத்து எடுத்துக்கொள்வார்கள். பணத்தைவிட அந்தக் கூடுதலே பெரிது. ஒருவர் வரவில்லை என்றால், ஏன் வரவில்லை என்று கேட்க ஆள் உண்டு.

ஆனால் ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. ஒரு காலத்தில் ஆயுளில் முதலிடம் வகித்த ஓக்கினாவா ஆண்கள், 2000-ஆம் ஆண்டுக் கணக்கில் ஜப்பானின் 47 மாநிலங்களில் 26-ஆம் இடத்திற்கு இறங்கினார்கள். நடப்பதை விட்டுக் காரில் ஏறியதும், சர்க்கரைவள்ளிக் கிழங்கையும் காய்கறியையும் விட்டு, பொரித்த உணவுக்கும் டின் இறைச்சிக்கும் மாறியதும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. நோக்கம் மட்டும் போதாது. வாயையும் காலையும் கவனிக்க வேண்டும். வயிற்றில் பத்துக்கு எட்டுப் பங்கோடு நிறுத்திக்கொள் என்பது அங்குள்ள பெரியவர்களின் பழைய பாடம்.

நாம் என்ன செய்யலாம்?

ஜப்பானில் 1975 முதல், ஓய்வு பெற்றவர்களுக்குச் சிறு வேலைகள் தேடித்தரும் நிலையங்கள் தோக்கியோவில் தொடங்கி நாடெங்கும் பரவின. 1986-இல் அவற்றுக்குச் சட்ட ஏற்பும் கிடைத்தது. மரக்கிளை வெட்டுவது, புல் பிடுங்குவது, சைக்கிள் நிறுத்துமிடத்தைப் பார்த்துக்கொள்வது போன்ற வேலைகள். கிடைக்கும் கூலி பெரிதல்ல. தேவைப்படும் ஆளாக இருப்பதே பெரிது.

நம் ஊரில் அப்படி நிலையம் இல்லாவிட்டாலும், நம் வீட்டில் நாமே செய்யலாம். "ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இராது" என்று நம் முன்னோர்கள் சொல்லவில்லையா? முப்பது நாற்பது ஆண்டு உளி பிடித்த கையை, "சும்மா இரு" என்று மடியில் வைத்துவிடாதீர்கள். பாட்டியிடம் கருவேப்பிலைச் செடியை ஒப்படையுங்கள். தாத்தாவிடம் பேரனைப் பள்ளிக்கு அழைத்துப்போகும் பொறுப்பைக் கொடுங்கள். கோயில் நந்தவனம் அவர்களுக்காகக் காத்திருக்கிறது. ஒப்புக்குக் கொடுக்கும் வேலையாக இருக்கக்கூடாது. அவர் செய்யாவிட்டால் அது நடக்காது என்றிருக்க வேண்டும்.

ஓய்வு பெறும் வயதை நெருங்கும் சகோதர சகோதரிகளே, நீங்களும் இன்றே யோசியுங்கள். சேமநிதிப் பணத்திற்குக் கணக்குப் போடுகிறோம். அந்த நாலரை மணிக்கு யார் கணக்குப் போடுவது?

என் தகப்பனாரைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். எங்கள் பள்ளிக்குப் பின்னால் புதர் மண்டிய ஒரு துண்டு நிலம் இருந்தது. தலைமையாசிரியரிடம் கேட்டு, "அப்பா, பிள்ளைங்களுக்கு மண்ணைக் கொத்தத் தெரியல, நீங்க வந்து சொல்லிக் கொடுக்கணும்" என்று அழைத்துப் போனேன். பாசாங்கு இல்லை; எனக்கும் தெரியாது. மறுநாள் நாலரை மணிக்கு எழுந்தவர், ஆறு மணிக்கே வாசலில் செருப்போடு நின்றார். வெண்டை, கத்தரி, பயிற்றங்காய் என்று ஐந்தாண்டுகள் அந்தப் பாத்திகளை அவர்தான் பார்த்தார். காலையில் பள்ளிக்குள் நுழைந்ததும் பிள்ளைகள், "தாத்தா, தாத்தா" என்று கூப்பிடுவார்கள். அவர் நிமிர்ந்து, பெரட்டுக் களத்தில் கொடுத்த அதே குரலைக் கொடுப்பார்.

அவர் இன்று இல்லை. அந்த ஆறு மாதத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் மனம் வலிக்கிறது. உங்கள் வீட்டு வாசலில் யாராவது சும்மா உட்கார்ந்திருந்தால், இதழை மூடி வைத்துவிட்டு, இன்றைக்கே அவரை ஒரு வேலைக்குப் பேர் சொல்லிக் கூப்பிடுங்கள்.