ஒரு மணி நேரம் தாருங்களேன்!

என் மகளுக்கு வயது 14. பிறக்கும்போது மூச்சுத் திணறி, மூளைக்குப் பிராணவாயு சரியாகக் கிடைக்காததால், 'செரிபிரல் பால்ஸி' எனும் மூளை முடக்குவாதம். கை, காலெல்லாம் விறைப்பு, நடக்க முடியாது, பேச்சு வராது. ஆனால், நாம் பேசுவது அத்தனையும் புரியும். கண்ணை மேலே தூக்கிப் பார்த்தால், 'ஆமாம்!' கண்ணை மூடிக் கொண்டால், 'வேண்டாம்!' இதுதான் எங்கள் வீட்டு பாஷை.

வருகிற உறவினர்களோ, 'போன ஜென்மத்துல என்ன பாவம் பண்ணுச்சோ...' என்று அவள் எதிரிலேயே உச்சுக் கொட்டுவர். காபி குடித்துவிட்டு கிளம்பி விடுவர். அன்று ராத்திரி அவள் வாயைத் திறக்கவே மாட்டாள்.

சின்னக் குழந்தையாக இருந்தவரை இடுப்பில் தூக்கிச் சமாளித்தேன். இப்போது, 32 கிலோ. குளிக்க, பாத்ரூம் போக, துணி மாற்ற என, தினமும் பத்து, பன்னிரண்டு தடவை தூக்க வேண்டும். மாதவிலக்கு நாட்களில் கேட்கவே வேண்டாம்.

ஆறு மாதத்துக்கு முன், குளியலறையில் அவளைத் தூக்கும்போது இடுப்பு பிடித்துக் கொள்ள, அவளோடு அப்படியே தரையில் சரிந்துவிட்டேன். கணவர் வேலைக்குப் போயிருந்தார். நான் போட்ட சத்தத்தில், எதிர் வீட்டு அக்கா ஓடி வந்து தூக்கிவிட்டார்.

'இனி தனியாத் தூக்காதீங்க. வாரம் ரெண்டு நாள் பிசியோதெரபிக்கு வாங்க...' என்றார், டாக்டர். 'இவளை யார்கிட்ட விட்டுட்டு வர்றது?' என, அழுதே விட்டேன்.

'நான் இருக்கேன். எப்படின்னு மட்டும் சொல்லிக் குடு...' என்றார், அக்கா.

சொல்லிக் கொடுத்தேன். படுக்க வைத்து ஊட்டினால் புரையேறி, சாப்பாடு நுரையீரலுக்குள் போகலாம். எனவே, நிமிர்த்தி உட்கார வைத்து, தலை பின்னால் சாயாமல், சின்ன ஸ்பூனில் கொஞ்சம் கொஞ்சமாகத் தர வேண்டும். ஒரு வாய் விழுங்கிய பிறகே, அடுத்த வாய். சாப்பிட்டதும் உடனே படுக்க வைக்கக் கூடாது. ஒரு நேரத்தில் ஒரு கேள்வி மட்டும் கேட்டு, பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். அவ்வளவுதான்!

முதல் நாள் அக்கா, 'கண்ணு, இன்னும் கொஞ்சம் ரசம் சாதம் வேணுமா?' என, அவளிடமே கேட்டார். எங்கள் இருவரைத் தவிர, வேறு யாரும் அவளிடம் நேராக ஒன்றைக் கேட்டு நான் பார்த்ததில்லை. அவள் சிரித்தபடி மேலே பார்த்தாள். எனக்குத்தான் கண் கலங்கிவிட்டது.

தேசிய அறக்கட்டளைச் சட்டம், 1999ன் கீழ், இவர்களுக்காக, 'நிராமயா' மருத்துவக் காப்பீடு உள்ளது. ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். தெரியாத தாய்மார்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள். ஆனால், அம்மா டாக்டரிடம் போய் வரும் அந்த ஒரு மணி நேரத்தை, பக்கத்தில் இருப்பவர்கள்தான் தர முடியும்.

சகோதரிகளே... உங்கள் தெருவிலும் இப்படி ஒரு பிள்ளை இருக்கலாம். இது ஒட்டிக் கொள்ளும் வியாதி அல்ல. 'ஐயோ பாவம்' சொல்ல வேண்டாம். வாரத்துக்கு ஒரு மணி நேரம் போய் உட்காருங்கள். பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பேசுங்கள். அந்தத் தாயின் இடுப்பும், மனசும் கொஞ்சம் நிமிரும்!

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சேலம்.